எங்கள் ஊர் டவுன் பஸ் நடையைக் குறைத்துவிட்டார்கள். ஊர் சேர்ந்து கேட்டால் திரும்ப வருமா?

வரும். எங்கள் ஊருக்கு வந்தது, முழுதாக இல்லாவிட்டாலும்.

குடியாத்தம் பக்கத்துக் கிராமம், ஆறு நடை வந்த டவுன் பஸ் இப்போது மூன்று நடைதான் வருகிறது, மனு கொடுத்தும் பயனில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நாங்களும் வேலூர் மாவட்டம்தான், அணைக்கட்டு பக்கம். எங்களுக்கு நடந்ததையே சொல்கிறேன். எங்கே தவறினோம் என்பதும் அதில் வரும், உங்களுக்கு அந்த நாட்கள் மிச்சமாகட்டும்.

எங்கள் ஊருக்கு ஒரு ஹால்ட் பஸ் உண்டு. இரவு ஒன்பதரைக்கு வேலூரிலிருந்து வந்து மாரியம்மன் கோயில் எதிரே நிற்கும். டிரைவர், கண்டக்டர் இருவரும் ஊரிலேயே படுத்து, காலை ஐந்து மணிக்கு முதல் நடை எடுப்பார்கள். குளிர்காலத்தில் யாராவது ஒரு வீட்டிலிருந்து வெந்நீர் போகும். அந்த ஐந்து மணி பஸ்ஸில்தான் என் அம்மா இருபது வருடமாகக் கத்தரிக்காய்க் கூடையோடு நேதாஜி மார்க்கெட்டுக்குப் போய் வந்தார். எங்கள் பக்கத்து முள்ளு கத்தரிக்காயைத் தெரிந்திருக்கும், 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அதுதான். அந்தக் காய் விடிவதற்குள் மார்க்கெட்டில் இறங்கினால் ஒரு விலை, எட்டு மணிக்கு இறங்கினால் வேறு விலை. அதே பஸ்ஸில் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலைக்குப் போகும் பெண்கள், சித்தாள் வேலைக்குப் போகிறவர்கள், அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையில் காலையிலேயே சீட்டு போட வேண்டிய பெரியவர்கள் எல்லோரும் இருப்பார்கள்.

ஒரு பௌர்ணமிக்கு முந்தின நாள் அந்த பஸ் வரவில்லை. கேட்டதற்கு, "திருவண்ணாமலைக்கு ஸ்பெஷல் போயிருக்குமா, ரெண்டு நாள்ல வந்துடும்" என்றார்கள். கிரிவலத்துக்குப் போகிறவர்களுக்கும் பஸ் வேண்டும்தான், நாங்கள் பொறுத்துக்கொண்டோம். இரண்டு நாள் ஒரு வாரம் ஆனது, ஒரு வாரம் ஒரு மாதம் ஆனது. அடுத்து மாலை ஆறரை நடையும் ஒருநாள் வரும், ஒருநாள் வராது என்றானது.

நீங்கள் முதலில் கவனிக்க வேண்டியது இதைத்தான். நடையைக் குறைக்கும்போது யாரும் நோட்டீஸ் ஒட்டுவதில்லை. 2018 ஜனவரியில் கட்டணம் ஏறியபோது தமிழ்நாடு முழுக்கக் கல்லூரிப் பிள்ளைகள் தெருவுக்கு வந்தார்கள், பத்து நாளுக்குள் அரசு கொஞ்சம் குறைத்தது. கட்டணம் எல்லோருக்கும் ஒரே நாளில் ஏறுகிறது, அதனால் எல்லோரும் சேர்ந்து கோபப்பட முடிகிறது. நடை குறைவது ஒவ்வொரு ஊரிலும் தனித்தனியாக, ஒவ்வொரு காலை நேரமாக நடக்கிறது. நின்று பார்த்துவிட்டு ஷேர் ஆட்டோவுக்கு 30 ரூபாய் கொடுத்துப் போய்விடுகிறோம். மூன்று மாதம் கழித்துக் கேட்டால், "அந்த டைம்ல ஆளே இல்லையே" என்ற பதில் வந்துவிடும். ஆகவே உடனே கேளுங்கள்.

நாங்கள் முதலில் செய்தது சாலை மறியல். ஒடுகத்தூர் ரோட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தோம். போலீஸ் வந்தது, அதிகாரி வந்தார், நாளைக்கே பஸ் வரும் என்றார், வந்தது. ஒன்பது நாள் ஓடி மறுபடி நின்றது. மறியலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எங்கள் கையில் அன்று ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. எத்தனை நாள் வரவில்லை என்று அதிகாரி கேட்டபோது ஆளுக்கொரு எண்ணிக்கை சொன்னோம்.

வழி காட்டியவர் ஒரு கண்டக்டர். அவர் பெயரை எழுத மாட்டேன். எங்கள் அம்மாவிடம் சொன்னார்: "இன்னாம்மா பண்றது, ஸ்பேர் வண்டி இல்ல, ஆளும் இல்ல. ரிட்டயர் ஆனவங்க இடம் காலியாவே இருக்குது. எந்த ரூட்ல கை வைக்கலாம்னு பாக்கும்போது கலெக்‌ஷன் கம்மியா இருக்கிற ரூட்தான் முதல்ல கண்ணுல படும்."

கலெக்‌ஷன் ஏன் கம்மி? பஸ் நிரம்பித்தானே போகிறது? இதை அவரே விளக்கினார். பள்ளிப் பிள்ளைகள் இலவச பாஸில் வருகிறார்கள், அவர்களுக்கு டிக்கெட் கிழிப்பதில்லை. எழுபது பிள்ளைகள் தொங்கிக்கொண்டு வந்தாலும் பைக்குள் விழும் பணத்தில் அவர்கள் இல்லை. பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து வெள்ளை போர்டு டவுன் பஸ்ஸில் கட்டணம் கிடையாது, ஆனால் அதற்கென்று ஒரு சீட்டு உண்டு. அந்தச் சீட்டுக் கணக்கில்தான் எத்தனை பெண்கள் பயணம் செய்தார்கள் என்பது தெரிகிறது. கூட்டத்தில் கை நீட்டி வாங்க முடியாமலும், இலவசம்தானே எதற்கு என்றும் நம்மில் பாதிப் பேர் சீட்டு வாங்காமலே இறங்கிவிடுகிறோம். அதாவது எங்கள் ஊர் பஸ்ஸில் அதிகம் ஏறுகிறவர்கள் யாரோ, அவர்கள்தான் கணக்கில் மிகக் குறைவாகத் தெரிகிறார்கள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இருபது வருடம் அந்த பஸ்ஸில் போன என் அம்மா எந்தக் காகிதத்திலும் இல்லை.

அன்றிலிருந்து எங்கள் தெருப் பெண்கள் சீட்டு வாங்காமல் இறங்குவதில்லை. உங்கள் ஊரிலும் நாளையே இதைத் தொடங்குங்கள், இதற்கு யார் அனுமதியும் தேவையில்லை.

அப்புறம் ஒரு நோட்டு போட்டோம். டீக்கடையில் நூறு பக்க நோட்டு ஒன்று, கயிறு கட்டிய பேனா. தேதி, வர வேண்டிய நேரம், வந்த நேரம் அல்லது வரவில்லை, ஏறிய பெண்கள், பாஸ் பிள்ளைகள், டிக்கெட் எடுத்தவர்கள், மூட்டை கூடை எத்தனை. காலையில் கடைக்காரர் அண்ணன் எழுதுவார், மாலையில் ப்ளஸ் டூ படிக்கும் இரண்டு பிள்ளைகள் எழுதுவார்கள். ஒரு நாளும் விடக் கூடாது, கூட்டிச் சொல்லவும் கூடாது என்று பேசி வைத்தோம். பஸ் காலியாக வந்த நாளையும் காலி என்றே எழுதினோம். பின்னால் அதிகாரி நோட்டைப் புரட்டியபோது அந்தக் காலி நாட்களைப் பார்த்துத்தான் மற்றதை நம்பினார் என்று நினைக்கிறேன். ஆறு வாரம் எழுதினோம்.

கூடவே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, போக்குவரத்துக் கழகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். "பஸ் ஏன் வரவில்லை" என்று கேட்காதீர்கள், அதற்கு வரும் பதிலால் பயன் இருக்காது. இந்தத் தடத்துக்கு ஒரு நாளைக்கு அனுமதிக்கப்பட்ட நடைகள் எத்தனை, அவற்றின் நேரம் என்ன, இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை ரத்தான நடைகள் எவை, ரத்துக்குப் பதிவான காரணம் என்ன என்று கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். எங்களுக்கு வந்த பதிலில் ஹால்ட் நடை இன்னும் அட்டவணையில் இருந்தது. யாரும் அதை எடுத்துவிட முடிவு செய்யவே இல்லை, தினமும் ரத்து என்று மட்டும் பதிவாகி வந்தது. அந்தப் பதிலும் நோட்டும் சேர்ந்த பிறகுதான் எங்கள் பேச்சுக்கு எடை வந்தது.

அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானம் போட்டோம். வருடத்துக்கு ஆறு கிராம சபை உண்டு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தீர்மானப் புத்தகத்தில் ஏறியதை நகல் வாங்கிக்கொள்ளுங்கள். நோட்டு, பதில், தீர்மானம் மூன்றின் நகலோடு திங்கள்கிழமை குறைதீர்வுக் கூட்டத்துக்கு சத்துவாச்சாரி கலெக்டர் அலுவலகம் போனோம். ஐம்பது பேர் கூட்டமாகப் போகவில்லை, ஒன்பது பேர் போனோம்: கத்தரிக்காய் விற்கிறவர், ஆஸ்பத்திரி வேலைக்குப் போகிறவர், கல்லூரிப் பெண், இப்படி ஒவ்வொரு பயணத்துக்கும் ஒருவர். மனு எண்ணை வாங்காமல் வெளியே வரவில்லை. எங்கள் தடத்தில் இருக்கும் மற்ற நான்கு ஊர்க்காரர்களும் அவரவர் தீர்மானத்தோடு வந்திருந்தார்கள். ஒரே ஊர் கேட்டால் பக்கத்து ஊர் நடையைப் பிடுங்கி நமக்குக் கொடுப்பார்கள், அப்புறம் இரண்டு ஊருக்கும் சண்டை. ஆகவே தடம் முழுவதும் சேர்ந்து கேளுங்கள்.

மூன்று வாரத்தில் ஹால்ட் பஸ் திரும்பி வந்தது. மாலை ஆறரை நடை இன்னும் சீராகவில்லை.

இனி பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் டெப்போவோடு மட்டும் முட்டி மோதினால் போதாது. 2018க்குப் பிறகு சாதாரண அரசு பஸ் கட்டணம் ஏறவில்லை, அது நமக்கு நல்லதுதான். ஆனால் டீசலும் உதிரிப் பாகமும் சம்பளமும் ஏறிக்கொண்டேதான் இருக்கின்றன. இடைவெளியை அரசு கொடுக்க வேண்டும், கொஞ்சம் கொடுக்கவும் செய்கிறது. 2025-26 பட்ஜெட்டில் மகளிர் பயணத்துக்கு 3,600 கோடி, மாணவர் சலுகைக்கு 1,782 கோடி, டீசல் மானியத்துக்கு 1,857 கோடி ஒதுக்கினார்கள். அதே 2025இல் 3,274 ஓட்டுநர் உடன் நடத்துநர் பணியிடங்களுக்கு அறிவிப்பும் வந்தது. இதையெல்லாம் "நஷ்டம்" என்று செய்தியில் படிக்கும்போது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. பள்ளிக்கூடம் நடத்தும் செலவை யாரும் நஷ்டம் என்று சொல்வதில்லை. அந்தப் பள்ளிக்குப் பிள்ளையைக் கொண்டுபோய் விடுகிற பஸ்ஸின் செலவு மட்டும் எப்படி நஷ்டமாகும்?

ஆகவே எம்.எல்.ஏ.வைப் பார்க்கும்போது நிழற்குடை கேட்காதீர்கள். தொகுதி நிதியில் நிழற்குடை கட்டலாம், பஸ் ஓட்டும் செலவுக்கு அந்த நிதி வராது. சட்டமன்றத்தில் போக்குவரத்துத் துறை மானியக் கோரிக்கை, அதாவது அந்தத் துறைக்குப் பணம் ஒதுக்கும் விவாதம், வரும் முன் அவரைப் பாருங்கள். நம் தடத்தின் பெயரைச் சொல்லி, இந்த டெப்போவுக்கு இத்தனை வண்டி, இத்தனை ஆள் வேண்டும் என்று அவர் சபையில் பேச வேண்டும் எனக் கேளுங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் எழுதிக் கொடுக்க வேண்டாம்.

டிரைவர் கண்டக்டரோடு சண்டை போடாதீர்கள். காலி இடத்தை நிரப்பு என்று நாம் கேட்பதைத்தான் அவர்களும் கேட்கிறார்கள். ஓய்வு நாளில்லாமல் டபுள் டியூட்டி பார்க்கிறவரைத் திட்டி நமக்கு என்ன கிடைக்கும்?

மினி பஸ் விடுகிறோம், போதாதா என்று உங்களிடம் கேட்பார்கள். 2025 ஜூனில் தொடங்கிய புதிய மினி பஸ் திட்டத்தில் தனியார் வண்டிகள் ஓடுகின்றன. பஸ்ஸே போகாத இடத்துக்கு அது வரட்டும், நல்லது. ஆனால் அந்தத் தனியார் வண்டியில் மகளிர் இலவசப் பயணம் கிடையாது. டவுன் பஸ்ஸை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதை வைத்தால், என் அம்மா மாதிரி ஆட்கள் போக வர தினமும் காசு கொடுக்க வேண்டும். இரண்டும் வேண்டும் என்று மனுவிலேயே தெளிவாக எழுதிவிடுங்கள்.

எங்கள் நோட்டு இப்போது மூன்றாவது. மாலை நடைக்காக மறுபடி தகவல் மனு போட்டிருக்கிறோம். உங்கள் தடத்தில் எத்தனை ஊர், எந்த நேரத்து நடைகள் நின்றன என்று கீழே எழுதுங்கள். மனுவில் என்னென்ன கேட்பது என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.