நீர்மோர்ப் பந்தல்: தயிரைத் திட்டாதீர்கள், ஐஸைப் பாருங்கள்

கேள்வி: மதுரை புதூர் பக்கம் எங்கள் தெருக்காரர்கள் சேர்ந்து சித்திரைத் திருவிழாவில் அழகரை வரவேற்கும் எதிர்சேவை அன்று நீர்மோர்ப் பந்தல் போடுகிறோம். போன வருடம் மோர் குடித்த நாலைந்து பேருக்கு மறுநாள் வயிற்றுப்போக்கு, என் தங்கை பிள்ளைக்கும்தான். தயிர் வீட்டில் உறை ஊற்றியது. தண்ணீர் கேன் தண்ணீர். ஐஸ் மட்டும் வெளியில் வாங்கினோம். எங்கே தப்பு நடந்தது? இந்த வருடம் பந்தலுக்கு உரிமம் வேண்டும் என்று ஒருவர் 3,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: நேரில் பார்க்காமல் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் என் சந்தேகம் முதலில் ஐஸ் மேல்தான் போகிறது. உணவுப் பாதுகாப்பு வேலையில் பல வருடம் இருந்தவன் நான். திருவிழாவுக்கு மறுநாள் இப்படிப் புகார் வந்தால் எல்லாரும் தயிரையும் பாலையும் திட்டுவார்கள். ஐஸை யாரும் நினைக்க மாட்டார்கள். உறைந்துவிட்டால் கிருமி செத்துவிடும் என்று படித்தவர்களே நம்புகிறார்கள். சாகாது. நிறையக் கிருமிகள் அப்படியே அடங்கிக் கிடக்கும். ஐஸ் கரைந்ததும் உங்கள் அண்டாவில் இறங்கிவிடும்.

ஒரு பந்தலில் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். லோடு ஆட்டோவில் பார் ஐஸ், அதாவது பெரிய கட்டி ஐஸ், வந்தது. மேலே நனைந்த சாக்கு, சாக்கெல்லாம் உமி. இரண்டு பேர் கொக்கி போட்டு இழுத்து ரோட்டோரம் தள்ளி, கடப்பாரையால் உடைத்தார்கள். ஒருவர் சில்லுகளைக் கையால் அள்ளி மோரில் போட்டார். அவர் கையில் மிச்சமிருந்த ஒரு சில்லில் மீன் செதில் ஒட்டியிருந்தது. காலையில் மீன் பெட்டிக்கு ஐஸ் போட்டுவிட்டு, அதே வண்டி அப்படியே பந்தலுக்கு வந்திருக்கிறது.

உணவில் சேர்க்கக் கூடாத ஐஸில் நீல நிறம் கலந்துதான் விற்க வேண்டும் என்று 2018-லேயே உத்தரவு வந்துவிட்டது. பார்த்தவுடன் எவருக்கும் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான். நல்ல உத்தரவு. ஆனால் நீல ஐஸை நீங்கள் எத்தனை தடவை பார்த்திருக்கிறீர்கள்? உத்தரவு போடுவதில் இருக்கிற வேகம், ஐஸ் ஆலைக்குள் போய்ப் பார்ப்பதில் இல்லை. அதனால் வெள்ளையாக இருக்கிறது என்பதை வைத்து மட்டும் நம்பிவிடாதீர்கள்.

நடுவில் நிற்கும் ஆள் ஒருவர் இருப்பார். "ஆர்ஓ தண்ணி ஐஸ்ணே, ஜூஸ் கடைக்கெல்லாம் நாமதான் போடுறோம்" என்பார். ஆலை அவருடையது இல்லை, தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியாது. பில் கேளுங்கள். பில்லில் ஆலையின் 14 இலக்க உணவு உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள். "என்னண்ணே, நம்ம மேல நம்பிக்கை இல்லையா" என்று பேச்சை மாற்றினால் அந்த ஐஸ் வேண்டாம்.

ஆகவே, மோருக்குள் வெளி ஐஸ் போடாதீர்கள். பாத்திரத்துக்கு வெளியே சுற்றி வைக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். வைக்கலாம், ஆனால் கவனமாக. மோர்ப் பாத்திரத்துக்கு இறுக்கமான மூடி வேண்டும். வெளித்தொட்டியில் ஐஸ் உருகிய தண்ணீர், உள்பாத்திரத்தின் பாதி உயரத்துக்கு மேல் ஏறக் கூடாது. ஏறினால் மொண்டு கொட்டுங்கள், மோர் மொள்ளும் கரண்டியால் அல்ல, வேறு மக்கால். ஐஸைத் தொட்டவர் மோரைத் தொடக் கூடாது. இதற்கென்று ஒருவரைத் தனியாக உட்கார வையுங்கள். கூட்டம் வந்துவிட்டால் முதலில் மறந்துபோவது இதுதான்: யாராவது ஒரு தம்பி "மோர் சூடா இருக்கு" என்று வெளியில் கிடக்கும் சில்லை எடுத்து உள்ளே போட்டுவிடுவான். அவனைத் தடுக்க ஆள் இல்லையென்றால் இந்த ஏற்பாடே வேண்டாம்.

அதைவிட மானாமதுரை மண்பானைக்குப் போய்விடுங்கள். நாலு நாள் முன்னாலேயே வாங்கி, தண்ணீர் ஊற்றி ஊற்றிப் பழக்குங்கள். அடியில் ஈர மணல், சுற்றி ஈரத்துணி, மேலே நிழல். நம் ஊர் வெயில் வறண்ட வெயில். பானை வேர்த்து வேர்த்துத் தானே குளிரும். ஐஸ் மோர்போல் பல் கூசாது, ஆனால் தொண்டைக்கு இதமாக இருக்கும்.

கேன் தண்ணீரிலும் உரிம எண்ணைப் பாருங்கள். சந்தேகமானால் முதல்நாள் இரவே கொதிக்க வைத்து மூடி ஆற விடுங்கள். தொட்டித் தண்ணீர் என்றால் 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர், அரை மணி நேரமாவது விட வேண்டும். மோர் கலக்குவதற்கு முன்பு போட வேண்டும். கலக்கிய பிறகு போட்டால் மோரே குளோரினைத் தின்றுவிடும். பவுடர் பழசாகிக் கட்டியாக இருந்தால் பலன் இல்லை.

கோயில் பித்தளை அண்டா அழகாக இருக்கிறது என்று எடுத்து வராதீர்கள். ஈயம் பூசாத பித்தளையில் மோரின் புளிப்பு பட்டால் களிம்பு ஏறும், அதுவே வாந்தி எடுக்க வைக்கும். எவர்சில்வர் போதும். கறிவேப்பிலை, மல்லியை மண் போக மூன்று தண்ணீரில் அலசுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கி, இரண்டு மூன்று மணி நேரத்தில் தீர்த்துவிடுங்கள். தண்ணீர் பாக்கெட்டும் பிளாஸ்டிக் பூசிய கப்பும் 2019 ஜனவரி முதல் தடை. டம்ளரில் கொடுத்து அண்ணாந்து குடிக்கச் சொல்லுங்கள்.

இனி அந்த 3,000 ரூபாய். கொடுக்காதீர்கள். அன்னதானம், நீர்மோர் கொடுப்பவர்கள் பதிவு செய்ய வேண்டும் என்பது உண்மை. சித்திரைத் திருவிழாவுக்கு முன்னால் மாவட்ட நிர்வாகம் அறிவிப்பதும் உண்டு. ஆனால் உங்களுக்குத் தேவை உரிமம் இல்லை, பதிவுச் சான்று. கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். ஃபாஸ்காஸ் (FoSCoS) என்ற அரசின் உணவு உரிம இணையதளத்தில், உங்களில் ஒருவருடைய போட்டோ, ஆதாரோடு நீங்களே போடலாம். இலவசமாக மோர் ஊற்றுகிறவரிடம் "வியாபாரம் என்ன வகை" என்று கேட்கிற படிவம் அது. அதைப் பார்த்து மிரண்டுதான் ஜனங்கள் புரோக்கரிடம் போகிறார்கள். தர்மத்துக்குப் பந்தல் போடுபவருக்குத் தமிழில் ஒரே பக்கத்தில் படிவம் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? "ஆபீஸ்ல நமக்கு ஆள் இருக்கு" என்பவரிடம் ஆதார் நகலையும் கொடுக்காதீர்கள். பத்து நாள் முன்னாலேயே போட்டுவிடுங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. வெயிலில் நின்ற ஒருவர் உளறினாலோ, நினைவில்லாமல் விழுந்தாலோ வாயில் மோர் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். நிழலுக்குத் தூக்கி, சட்டையைத் தளர்த்தி, தலையிலிருந்து கால்வரை தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கூடவே ஒருவர் 108-ஐக் கூப்பிடட்டும். மேலே ஊற்றுகிற தண்ணீரில் அந்த பார் ஐஸைத் தாராளமாகப் போடலாம்.