சிமுலேட்டர் போடும் மார்க்கை எவ்வளவு நம்பலாம்? கேள்வி பதில்

நிஜ நோயாளியைத் தொடும் முன் அறுவை சிகிச்சையைப் பழகிப் பார்க்கும் மெஷின்தான் சிமுலேட்டர். அதைப் பற்றி டெல்லியில் சர்ஜரி பிஜி படிக்கும் நம்மவர்களும் அவர்கள் வீட்டாரும் கேட்டவை இவை. பதில் சொல்பவர், ஜூனியர்களுக்கு லேப்ராஸ்கோப்பி (சிறு துளைகள் வழியே கேமராவும் கருவிகளும் விட்டு, திரையைப் பார்த்துச் செய்யும் அறுவை) பயிற்சி தரும் அறுவை சிகிச்சை மருத்துவர்.

கேள்வி: அக்கா, வளையங்களை ஒரு குச்சியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் பயிற்சியை சீனியரைவிட சீக்கிரம் முடித்தேன். மெஷின் அவருக்குத்தான் அதிக மார்க் போட்டது. ஏன்? (முதலாம் ஆண்டு, முனிர்க்கா)

பதில்: நேரம் பல அளவுகளில் ஒன்றுதான், தம்பி. கருவியின் முனை எங்கே போகிறது என்பதை சிமுலேட்டர் நொடிக்குப் பலமுறை குறித்துக்கொள்ளும். மொத்தம் எவ்வளவு தூரம் அலைந்தது, எங்கெல்லாம் வெடுக்கென்று இழுத்தது, எதைக் கீழே போட்டது, எல்லாம் கணக்கில் வரும். ரிப்போர்ட்டில் இடது கை எவ்வளவு தூரம் அலைந்தது என்ற வரியை முதலில் பார். புதியவர்களின் கவனமெல்லாம் வலது கையில் இருக்கும். இடது கருவி தன்பாட்டுக்கு நகர்ந்து திரையைவிட்டே வெளியே போயிருக்கும். நிஜ வயிற்றில் அந்த முனை குடலைக் குத்தினால் உனக்குத் தெரியக்கூடத் தெரியாது. தையலில் கதை வேறு. ஊசி வளைந்தது, மணிக்கட்டைச் சுழற்றினால் தன் வளைவிலேயே போகும், நேராகத் தள்ளினால் துளை கிழியும். ஊசியை எத்தனை தடவை விட்டுவிட்டுப் பிடிக்கிறாய் என்று எண்ணினாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

கேள்வி: எது திறமை என்று மெஷினுக்கு யார் கற்றுக்கொடுத்தது? (மாணவியின் அப்பா, பொறியாளர், ஆர்.கே.புரம்)

பதில்: மனிதர்கள்தான், சார். 1997-இல் டொராண்டோவிலிருந்து வெளிவந்த ஓசாட்ஸ் முறையில், நிபுணர் ஒருவர் பார்த்து, திசுவைக் கையாளும் விதம், கருவியைப் பிடிக்கும் நேர்த்தி என்று ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மார்க் போடுவார். இன்றைய மென்பொருள்கள் பலவும் அதுபோன்ற மார்க்கையும் கை அசைவுப் பதிவுகளையும் ஒப்பிட்டுத்தான் கற்கின்றன. 2014-இல் வந்த ஜிக்சாஸ் என்ற தரவுத் தொகுப்பு இத்துறையில் எல்லோரும் எடுத்தாள்வது. டா வின்சி என்ற அறுவை சிகிச்சை ரோபோவில் தையல், முடிச்சு, ஊசி கடத்தல் என மூன்று வேலைகள்; செய்தவர்கள் வெறும் 8 பேர்! ஒருவரின் நாலு பதிவுகளைப் படிக்கக் கொடுத்துவிட்டு அவருடைய ஐந்தாவதையே பரீட்சையில் வைத்தால், மென்பொருள் ஆளைத்தான் அடையாளம் கண்டிருக்கும், திறமையை அல்ல. பிரமாதமான துல்லியம் என்று யாராவது சொன்னால், முன்பின் பார்க்காத ஆளிடம் சோதித்தீர்களா என்று கேளுங்கள்.

கேள்வி: நான் இடது கைப் பழக்கக்காரி. பாதிக்குமா?

பதில்: அந்த 8 பேருமே வலது கைக்காரர்கள், அதனால் சந்தேகம் நியாயமானதே. கையை மாற்றும் செட்டிங் இருந்தால் முதலில் அதைப் போடு, அப்புறம் மார்க்கைப் பார்.

கேள்வி: சிமுலேட்டரில் பழகினால் ஆபரேஷன் தியேட்டரில் கை தேறுமா?

பதில்: தேறும். யேல் பல்கலைக்கழகத்தில் 16 ரெசிடெண்ட்களை (பயிற்சி மருத்துவர்களை) வைத்துச் செய்து 2002-இல் வெளியிட்ட ஆய்வில், சிமுலேட்டரில் பழகியவர்கள் நிஜப் பித்தப்பையைப் பிரித்தெடுப்பதில் 29 சதவீதம் வேகம். பழகாதவர்கள் பித்தப்பையைக் காயப்படுத்தவோ வேறு திசுவைச் சுடவோ 5 மடங்கு வாய்ப்பு இருந்தது. பிரிட்டனில் கண் அறுவையைப் பழகும் ஐசி சிமுலேட்டர் பரவிய காலத்தில், ஆரம்பநிலை பயிற்சி மருத்துவர்களின் கண்புரை அறுவைகளில் கண் வில்லையின் பின்புறப் படலம் கிழிவது 2009-இல் 4.2 சதவீதமாக இருந்து 2015-இல் 2.6 ஆனது. இரண்டுமே பழகியதன் பலனைச் சொல்பவை. மெஷின் மார்க் சரியா என்பது தனிக் கேள்வி.

கேள்வி: ஏஐ வாத்தியார் வந்தால் நீங்கள் எதற்கு?

பதில்: குறும்பு! மாண்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் 70 மருத்துவ மாணவர்களை வைத்துச் செய்து 2022-இல் வெளியிட்ட சோதனையில், தொலைவிலிருந்து நிபுணர் கற்பித்தவர்களைவிட ஏஐ கற்பித்தவர்கள் கூடுதல் மார்க் எடுத்தார்கள். ஆனால் அந்த மார்க்கைப் போட்டதும் ஏஐதான். பாடம் நடத்தியவரே பேப்பர் திருத்தினால் எப்படி?

கேள்வி: மெஷினில் மார்க் குறைவு என்று என் மகனை கேஸில் கை வைக்கவே விடுவதில்லை. நியாயமா, டாக்டர்? (மயூர் விஹார்)

பதில்: கொஞ்ச நாள் நிறுத்திவைப்பதில் தப்பில்லை அம்மா, நோயாளி பயிற்சிப் பொம்மை இல்லையே. எதில் குறைந்தது என்று சொல்லாமல் நிறுத்துவதுதான் தப்பு. மொத்த மார்க்கை விட்டுவிட்டு, வரிவரியான ரிப்போர்ட்டை வாங்கச் சொல்லுங்கள். எனக்கு இன்னும் பெரிய கவலை, மார்க் வாங்கியவரைக் கண்ணை மூடிக்கொண்டு அனுப்புவது. பித்தப்பை வீங்கி ஒட்டிக்கிடக்கும்போது, எந்தக் குழாய் எது என்று புரியாமல் கையை நிறுத்தி சீனியரைக் கூப்பிடுகிறாரே, அவர்தான் கெட்டிக்காரர். நான் பார்த்த மெஷின்களின் கணக்கில் அது வெறும் தாமதம்.