ஒயின் பாட்டிலுக்குக் கிறிஸ்துமஸ் உடை: கேள்வி பதில்

கேள்வி: பாட்டிலுக்குச் சட்டை போடுற வழக்கம் எங்கிருந்து வந்தது அக்கா?

அழகுக்காக வந்ததில்லை. இத்தாலியின் டஸ்கனியில் கியாந்தி ஒயின் அடைத்த ஃபியாஸ்கோ குடுவைக்கு அடிப்பாகம் உருண்டை. ஊதிச் செய்த மெல்லிய கண்ணாடி வேறு. கீழே வைத்தால் சாயும், வண்டியில் ஏற்றினால் ஒன்றோடொன்று மோதி உடையும். அதனால் சதுப்புநிலப் புல்லை உலர்த்திச் சுற்றிலும் பின்னி, அடியில் சும்மாடு மாதிரி ஒரு வளையம் வைத்தார்கள். எம்போலி வட்டாரத்தில் பெண்கள் செய்த கூலிவேலை இது. 20-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் கூலி உயர்ந்தது, தோளுள்ள நேரான போர்டோ வகைப் பாட்டில் மலிவாகக் கிடைத்தது. புல் உடை அருகிப்போனது. இன்று அதைப் பெரும்பாலும் உணவக மேசையில், வாயில் மெழுகுவர்த்தி செருகிய காலிக் குடுவையாகத்தான் பார்க்கலாம்.

கேள்வி: கிரிஸ்டல் ஷாம்பெய்னைச் சுற்றியுள்ள மஞ்சள் தாளைக் கிழித்துவிட்டுத் துணி உறை போடலாமா?

கிழிக்காதீர்கள், தாளின் மேலேயே போடுங்கள். லூயி ரோடரெர் நிறுவனம் 1876-இல் ரஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாந்தருக்காகச் செய்த ஒயின் அது. பாட்டில் நிறமற்ற கண்ணாடி. புற ஊதா ஒளியும் நீல ஒளியும் உள்ளே புகுந்தால் ஒயினில் கந்தக வாடை கிளம்பும், வெந்த முட்டைக்கோஸ் மாதிரி. கடை டியூப்லைட்டே போதும். அந்த மஞ்சள் செலோஃபேன் தாள் ஒளியைத் தடுக்கிறது. கெட்டியான அடர்நிறத் துணியும் தடுக்கும். ஆர்கன்சா என்ற கண்ணாடி மாதிரி மெல்லிய துணி, வலைத்துணி எல்லாம் வெறும் அலங்காரம்தான். (செலோஃபேனைக் கண்டுபிடித்த பிராண்டன்பெர்கருக்கு அந்த யோசனை வந்ததே, மேசைவிரிப்பில் ஒயின் கொட்டியதைப் பார்த்துத்தான் என்பார்கள்.)

கேள்வி: சாண்டாவுக்குச் சிவப்பு உடை கொடுத்தது கோகோ-கோலாதானே?

இல்லை. அமெரிக்கக் கேலிச்சித்திரக்காரர் தாமஸ் நாஸ்ட் 1863 முதல் ஹார்ப்பர்ஸ் வீக்லி இதழில் சாண்டாவை வரைந்தார். சிவப்பு உடை 19-ஆம் நூற்றாண்டிலேயே உண்டு. 1931-இல் தொடங்கிய ஹேடன் சண்ட்ப்ளோமின் கோகோ-கோலா ஓவியங்கள் அதை உலகெங்கும் பரப்பின, அவ்வளவே. பாட்டில் உறைக்கு அந்த உருவம் வசதியாக அமைந்தது: சிவப்பு உடம்பு, வெள்ளை ரோம ஓரம், கறுப்பு பெல்ட். இந்த மூன்றும் இருந்தால் முகமே வேண்டாம்.

கேள்வி: வாங்கிய உறை ஸ்பார்க்ளிங் ஒயின் பாட்டிலில் ஏறவே மாட்டேங்குது. நானே செய்ய அளவு சொல்லுங்க.

கடை உறைகள் பெரும்பாலும் போர்டோ அளவுக்கு வெட்டியவை. 750 மி.லி. போர்டோ பாட்டிலின் விட்டம் சுமார் 7.5 செ.மீ., சுற்றளவு 23.5. தோள் சரிந்த பர்கண்டி வகைப் பாட்டிலுக்கு 26 வரும். ஷாம்பெய்ன் பாட்டில் அழுத்தம் தாங்க வேண்டியதால் கண்ணாடி தடிமன். சுற்றளவு 28-ஐ ஒட்டி. முதலில் டேப் வைத்து அளந்துவிடுங்கள்.

ஃபெல்ட் (அழுத்திச் செய்த கெட்டித் துணி) இழுபடாது. சுற்றளவோடு தளர்வுக்கு 1.5, தையலுக்கு 2 செ.மீ. கூட்டுங்கள்: போர்டோவுக்கு 27, ஷாம்பெய்னுக்கு 31.5. உயரம் 26 வெட்டி, தோளுக்குச் சற்று மேலே ரிப்பனால் சுருக்குங்கள். அடி திறந்தே இருக்கட்டும். அடித்துணி தைத்தால் மடிப்பின் மேல் பாட்டில் ஆடும்.

பின்னலுக்குக் கணக்கு நேர்மாறு. அது இழுபடுவதால் சுற்றளவைவிட 2 செ.மீ. குறைவாகப் பின்னினால்தான் இறுகப் பிடிக்கும். டிகே கனமுள்ள (நடுத்தரத் தடிமன்) நூல், 4 மி.மீ. ஊசி, 10 செ.மீ.க்கு 22 கண்ணி என்று வைத்தால் போர்டோவுக்கு 48 கண்ணி, ஷாம்பெய்னுக்கு 56. 20 செ.மீ. பின்னியதும் இரண்டிரண்டாகச் சேர்த்துப் பாதியாக்கி, கழுத்துக்கு 8 செ.மீ. ரிப் பின்னல் (இழுபட்டுச் சுருங்கும் வரிப் பின்னல்) போடுங்கள். 50 கிராம் உருண்டை ஒன்று போதும். கண்ணிகளைக் குறைக்காமல் நேராகப் பின்னிக்கொண்டே போனால் கழுத்தில் தொளதொளவென்று தொங்கும். பலர் சொதப்புவது இங்கேதான்.

கேள்வி: ஐஸ் வாளியில் வைத்ததும் சிவப்புச் சாயம் வெள்ளை ஓரத்தில் ஏறிவிட்டது. வினிகரில் நனைத்தால் நிற்குமா?

பருத்திக்கு வினிகர் பலிக்காது. தைக்கும் முன்பே ஈரமான வெள்ளைத் துணியைச் சிவப்பின் மேல் பத்து நிமிடம் அழுத்திப் பாருங்கள். நிறம் ஏறினால் அந்தத் துணியை ஒதுக்கிவிடுங்கள். அக்ரிலிக் நூலில் இந்தத் தொல்லை குறைவு. எப்படியும் உறையோடு குளிரவைப்பது வீண்வேலை, கம்பளி குளிரையும் தடுக்கும். குளிரவைத்து, துடைத்து, மேசைக்கு வரும்போது மாட்டுங்கள். பொத்தான், பெல்ட் கொக்கியைக் குளூ கன்னால் ஒட்டாமல் தைத்துவிடுங்கள். குளிரில் அந்தப் பசை விறைத்து உரிந்துவரும்.

கேள்வி: உறையோடவே திறந்து ஊற்றலாமா?

சாதாரண ஒயினுக்குச் சரி, பின்னல் உறையாக இருந்தால். வழுக்கும் சாட்டின் வேண்டாம். ஷாம்பெய்னுக்குக் கண்டிப்பாகக் கழற்றுங்கள்: உள்ளே 5–6 வளிமண்டல அழுத்தம். கம்பியைத் தளர்த்திய கணத்திலிருந்து கட்டைவிரல் கார்க்கின் மேலேயே இருக்க வேண்டும். கார்க்கைப் பிடித்துக்கொண்டு பாட்டிலைத் திருப்பவும் வேண்டும், உறை இருந்தால் பிடி நழுவும்.

கேள்வி: தைக்கத் தெரியாதவங்களுக்கு?

ஜப்பானியரின் ஃபுரோஷிகி முறை. 70 செ.மீ. சதுரத் துணியின் நடுவில் பாட்டிலை நிறுத்தி, எதிரெதிர் மூலைகள் இரண்டை வாய்க்கு மேலே முடியுங்கள். மற்ற இரண்டையும் பின்னால் குறுக்காகக் கொண்டுபோய் முன்னால் கட்டுங்கள். மேல் முனைகளை முறுக்கி இன்னொரு முடிச்சுப் போட்டால் கைப்பிடியும் ஆயிற்று. பட்டு வேண்டாம், முடிச்சு நழுவும், பருத்தியே நல்லது.