வளாகமா, வளவா?

வணக்கம் அண்ணா,

நான் திருகோணமலை, இப்போது கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிறேன். எங்கள் பழைய மாணவர் சங்கத்தில் கொஞ்சம் காசு சேர்ந்திருக்கிறது. பள்ளி வாசலில் பெரிய வளைவு கட்டி, முற்றம் முழுக்க இன்டர்லொக் கல் பதிப்போம் என்கிறார்கள் பாதிப்பேர். அதற்கு நடுவில் நிற்கும் வேப்பமரத்தைத் தறிக்க வேண்டுமாம். பள்ளி வளாகம் வடிவாக இருக்க வேண்டாமா என்று கேட்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

— பழைய மாணவன் ஒருவன்

அன்புள்ள தம்பி,

முதலில் ஒரு சொல். 'வளாகம்' என்று சொல்லி ஓட்டோவில் ஏறினால் நம்மூரில் கோணேசபுரிக்குக் கொண்டுபோய்க் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாக வாசலில் இறக்கிவிடுவார்கள். பள்ளிக்கூடத்தைச் சுற்றியுள்ள நிலத்துக்கு நம்மூர்ச் சொல் வளவு. நாம் படித்தது வளவில். 'வளவுக்குள்ள மான் வந்திட்டு' என்று பாடவேளையில் யாராவது கத்தினால் வகுப்பு முழுக்க எழும்பி நிற்கும்.

கல் பதிக்கச் சொல்பவர்கள் எந்த மாதம் ஊருக்கு வந்தார்கள் என்று கேளுங்கள். டிசம்பரில் என்றால் சேற்றைப் பார்த்திருப்பார்கள், அப்படித்தான் தோன்றும். ஜூலையில், கச்சான் காற்று அடிக்கிற நேரம், பகல் பதினொரு மணிக்கு அந்தக் கல்லில் வெறுங்காலோடு நின்று பார்க்கட்டும்.

எங்களுடையது நூறடிக்கு இருபதடிக் கட்டடம். அரைச்சுவர், மேலே கம்பிவலை, வகுப்புக்கு வகுப்பு தட்டி மறைப்பு. எட்டாம் ஆண்டில் எனக்குச் சரித்திரத்தைவிடப் பக்கத்து வகுப்பின் கேத்திரகணிதம்தான் நன்றாகப் பாடமாகியது. கூரைச் சீற் சுடத் தொடங்கியதும் தமிழ் ரீச்சர் எங்களை வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போவா. ஒருவன் கதிரையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போவான். கொப்பியில் பூ கொட்டும், ஊதிவிட்டு எழுதுவோம். 2004 டிசம்பர் 26 கடல் வந்தபோது பள்ளி விடுமுறை. மேசைகளைச் சேர்த்துச் சனம் படுத்தது. அதே மரத்தடியில்தான் மூன்று கல் வைத்துக் கஞ்சி காய்ச்சினார்கள்.

வளைவைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. காசு தந்தவர்களின் பெயரைப் பொறிக்க அதில் நல்ல இடம் இருக்கும்.

நானும் ஒருமுறை இப்படிக் காசு சேர்த்தவன்தான். ஒரு பள்ளிக்குக் குடிநீர் வடிகட்டி வாங்கிக் கொடுத்தோம், ரிப்பன் வெட்டினோம், படம் எடுத்தோம். அடுத்த வருடம் போய்ப் பார்த்தால் அதன்மேல் பழைய கொப்பிக் கட்டுகள். உள்ளே மாற்ற வேண்டிய வடியை யார் வாங்குவது என்று ஒருவருமே பேசி வைக்கவில்லை. பிழை எங்களுடையது. ஆகவே கட்டுவதற்கு ஒரு பங்கு என்றால், பராமரிக்க ஒரு பங்கை வங்கியில் போட்டுவையுங்கள். பெண்பிள்ளைகளின் மலசலகூடத்தில் தண்ணீர் வருகிறதா, கதவுக்குக் கொண்டி இருக்கிறதா என்று ஊரிலுள்ள யாரையாவது போய்ப் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. 1960, 61இல் அரசு பொறுப்பேற்கும் வரை மிஷன் பள்ளிகளில் முகாமையாளர் ஓம் என்றால் வேலை நடந்திருக்கும். இப்போது உங்களுடையது தேசிய பாடசாலையா, மாகாணப் பாடசாலையா என்பதைப் பொறுத்துக் மத்திய கல்வி அமைச்சிலோ மாகாணக் கல்வித் திணைக்களத்திலோ கேட்க வேண்டும். அதிபர் தனியே தலையாட்டிவிட முடியாது. முதலில் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தோடு பேசுங்கள்.

கல்லில் ஆசை அடங்காதவர்கள் இருந்தால் வாசலிலிருந்து அலுவலகம் வரை ஒரு பாதை போடட்டும். மரத்தைச் சுற்றித் திண்ணை கட்டலாம். மேசனிடம் மட்டும் சொல்லிவையுங்கள்: அடிமரத்தோடு சீமெந்தை ஒட்டவேண்டாம், சுற்றிவர மூன்றடி மண் விடச் சொல்லுங்கள்.