மேஸ்திரி பதில்கள்: தொட்டியை இறைக்கும் முன் கிணற்றை எட்டிப் பாருங்கள்

கேள்வி: ஐயா, திருவொற்றியூரில் தாத்தா கட்டிய வீடு எங்களுடையது. கொல்லையில் 20 அடிக்கு 10 அடி, 4 அடி ஆழத்தில் கான்கிரீட்டில் ஒரு நீச்சல் தொட்டி இருக்கிறது. ஆறேழு வருடமாக யாரும் இறங்கவில்லை. மழைத் தண்ணீர் பச்சையாக நிற்கிறது. பூச்சு பெயர்ந்திருக்கிறது, சுவரில் இரண்டு இடத்தில் துருக்கறை வழிகிறது. ஆள் வைத்துச் செய்யக் கேட்ட தொகை எங்களுக்குக் கட்டுப்படியாகாது. பொங்கல் லீவில் நானும் மச்சானும் தண்ணீரை இறைத்துவிட்டு நாங்களே பூசிவிடலாம் என்று இருக்கிறோம். முடியுமா? (வாசகர், திருவொற்றியூர்)

பதில்: பூசுவது முடியும் தம்பி. பொங்கலுக்கு இறைப்பதுதான் வேண்டாம்.

2005ஆம் வருடத்து மழை உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். அந்த டிசம்பரில் காலடிப்பேட்டையில் இதே மாதிரி ஒரு தொட்டி, இதைவிடக் கொஞ்சம் சின்னது. மழை விட்டு நாலு நாள்தான் ஆகியிருந்தது. வீட்டுக்காரர் அவசரப்பட்டார். நானும் “ஒரு மோட்டார் போட்டா மதியத்துக்குள்ள காலி” என்று வாயை விட்டுவிட்டேன். சொன்னபடியே காலியும் ஆனது. மறுநாள் காலை டீ குடித்துவிட்டுப் போய்ப் பார்த்தால், தொட்டியின் தரை நடுவில் பூரி மாதிரி உப்பியிருக்கிறது. நீளவாக்கில் ஒரு வெடிப்பு. அதிலிருந்து மணலோடு தண்ணீர் கொப்பளிக்கிறது. வீட்டுக்காரர் என்னைப் பார்க்கிறார், நான் தண்ணீரைப் பார்க்கிறேன். பூச்சு வேலைக்குப் போனவன் தரையையே உடைத்துப் போட வேண்டியதாகிவிட்டது. அந்த வேலைக்குப் பாதிக் கூலிதான் வாங்கினேன். மீதியைக் கேட்க எனக்கு முகமில்லை.

நடந்தது இதுதான். தொட்டிக்குள் நிற்கும் தண்ணீர் தரையை மேலிருந்து அமுக்குகிறது. மண்ணுக்குள் ஊறி நிற்கும் தண்ணீர் கீழிருந்து தள்ளுகிறது. மேலே இருக்கிற பாரத்தை எடுத்துவிட்டால் தொட்டி படகு மாதிரி மிதக்கப் பார்க்கும். முடியாவிட்டால் தரை வெடிக்கும். நிலத்தடி நீர் தொட்டித் தரைக்கு மேலே ஓரடி ஏறி நின்றால் ஒவ்வொரு சதுர அடியையும் 28 கிலோ தள்ளுகிறது. உங்கள் தரை 200 சதுர அடி. இரண்டடி ஏறி நின்றால் 11 டன்னுக்கு மேல். கடலோர மணல் பூமியில் மழைக்காலம் முடிந்த கையோடு நாலடியில் தண்ணீர் நிற்கும் வீடுகளை நானே பார்த்திருக்கிறேன்.

அதனால் முதல் வேலை, வீட்டுக் கிணற்றில் ஒரு கல்லைக் கயிற்றில் கட்டி இறக்குங்கள். கிணறு இல்லையென்றால் பக்கத்து வீட்டுக் கிணறு. நிலமட்டத்திலிருந்து தண்ணீர் ஆறடிக்குக் கீழே இருக்க வேண்டும். தொட்டி நாலடி, தளம் அரையடி, மீதி உங்கள் நிம்மதிக்கு. பங்குனிவாக்கில் அந்த அளவுக்கு இறங்கிவிட்டதா என்று பார்த்துவிட்டு இறையுங்கள். கத்திரி வெயில் பிறப்பதற்குள் பூச்சை முடித்துவிடுங்கள். வேலை நடக்கும் நாட்களிலும் இரண்டு நாளைக்கு ஒருமுறை அந்தக் கயிற்றை இறக்கிப் பாருங்கள். அதுவரை கொசுவுக்கு ஒரு கை கப்பி மீன் விட்டு வைத்தால் போதும்.

காலியான பிறகு சுவரையும் தரையையும் ஒரு சாண் விடாமல் சுத்தியலால் லேசாகத் தட்டுங்கள். தெரு அடங்கிய ராத்திரியில் தட்டினால் நன்றாகக் காது கொடுத்துக் கேட்கலாம். ‘டக்’ என்றால் பூச்சு சுவரோடு ஒட்டியிருக்கிறது. ‘டொம்’ என்றால் உள்ளே காற்று. அந்த இடத்தைச் சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொண்டே போங்கள். பாதிக்கு மேல் வட்டமாகிவிட்டால் தயங்காமல் முழுப் பூச்சையும் பெயர்த்துவிடுங்கள். பழசு கொஞ்சம் புதுசு கொஞ்சம் என்று ஒட்டுப் போட்ட தொட்டி, ஒட்டுப் போட்ட ஓரத்தில்தான் முதலில் பிளக்கும். பெயர்த்த பிறகு கான்கிரீட் வழுவழுவென்று இருந்தால் உளியால் கொத்திவிடுங்கள். கொத்தாத சுவரில் பூச்சு நிற்காது.

அந்தத் துருக்கறையைச் சும்மா விடாதீர்கள். கம்பி துருப்பிடித்தால் பருத்து, மேலே இருக்கும் கான்கிரீட்டை வெளியே தள்ளும். கறை இருக்கிற இடத்தில் கம்பிக்குப் பின்னால் விரல் நுழையும் அளவுக்குக் கொத்தி, கம்பி பிரஷ்ஷால் பளபளவென்று தேய்த்து, துருத்தடுப்புப் பூச்சு அடித்து, பாலிமர் கலந்த கலவையால் அடைக்க வேண்டும். தேய்த்த பிறகு கம்பி கால்வாசி இளைத்துப் போயிருந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு ஒரு இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். அது நீங்களும் மச்சானும் பார்க்கிற வேலை இல்லை.

துரு ஏன் வந்தது? தாத்தா காலத்தில் உப்பேறிய போர் தண்ணீரில் கலவை போட்டிருப்பார்கள் என்பது என் சந்தேகம். மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரை உறிஞ்ச உறிஞ்சக் கடல் உள்ளே வந்த கதை ஊரறிந்தது. உப்பில் இருக்கும் குளோரைடுதான் கம்பியைத் துருப்பிடிக்க வைப்பது. கம்பி இருக்கிற கான்கிரீட்டைக் கலக்கும் தண்ணீரில் அது லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் ஆகாது என்கிறது இந்தியத் தரவிதி ஐஎஸ் 456. நம் வீட்டு ஆய்வுக்கூடம் நாக்குதான்: கரித்தால் வேண்டாம். கலவைக்கும் நனைப்பதற்கும் மெட்ரோ தண்ணீரே இருக்கட்டும்.

பூச்சுக்கு ஒரு பங்கு சிமெண்ட், மூன்று பங்கு பி சாண்ட் (பூச்சுக்கான அரவை மணல்). தரை, சுவர் எல்லாம் சேர்ந்து 440 சதுர அடி வருகிறது. இரண்டு கையாக, அதாவது இரண்டு அடுக்காக, மொத்தம் முக்கால் அங்குலம் பூச 9, 10 மூட்டை சிமெண்டும் 35 கன அடி மணலும் பிடிக்கும். நீர்த்தடுப்பு திரவம் மூட்டைக்கு 200 மில்லி என்பது பொதுவான அளவு. டப்பாவில் வேறு அளவு போட்டிருந்தால் அதைப் பின்பற்றுங்கள். ஈரச் சுவரில் சிமெண்ட் பால் அடித்து, அது காய்வதற்குள் முதல் கை. அதைச் சொரசொரப்பாக விட்டு, மறுநாள் இரண்டாம் கை. சுவரும் தரையும் சேரும் மூலையை நேர் கோணமாக விடாதீர்கள். ஒரு பாட்டிலின் அடியை வைத்து இழுத்தால் உள்வளைவாக வந்துவிடும். தண்ணீர் முதலில் கசிகிற இடம் அதுதான்.

புதுசாகச் செய்கிறவர்கள் தவறுவது கலவையில். ஒரே தடவையில் மூன்று மூட்டையைக் கொட்டிக் கலக்குவார்கள். பாதி பூசுவதற்குள் பாண்டுச் சட்டியிலேயே இறுகும், உடனே தண்ணீர் விட்டு இளக்குவார்கள். இறுகின கலவையைத் தூரப் போடுங்கள். அரை மணி நேரத்தில் பூச முடிகிற அளவுக்கு மட்டும் மச்சான் கலந்து தரட்டும். மேலே தென்னங்கீற்றோ தார்ப்பாயோ கட்டி நிழல் பண்ணிக்கொள்ளுங்கள். கையுறை, கம்பூட்ஸ் கட்டாயம். ஈரச் சிமெண்டில் வெறுங்காலோடு ஒரு நாள் நின்றால் தோல் வெந்துவிடும்.

பிறகு பத்து நாள் ஈரச் சாக்கு. அப்புறம் ஒரு நாளைக்கு ஓரடி வீதம் நிரப்புங்கள். 22,600 லிட்டர் பிடிக்கும், 12,000 லிட்டர் லாரி இரண்டு. மேலே டைல்ஸ் ஒட்டுவது அடுத்த வருடக் கதை, முதலில் கசியாமல் நிற்கட்டும்.

கேள்வி: புதுசாகப் பூசிய தொட்டியில் தினமும் தண்ணீர் இறங்குகிறது. கசிவா, வெயிலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (வாசகர், பெரம்பூர்)

பதில்: ஒரு வாளியில் தண்ணீர் நிரப்பி, தொட்டிப் படியில் முக்கால்வாசி முழுகும்படி வையுங்கள். வாளிக்கு உள்ளே ஒரு கோடு, தொட்டிச் சுவரில் ஒரு கோடு. 24 மணி நேரம் யாரும் இறங்கக் கூடாது. இரண்டும் ஒரே அளவு இறங்கியிருந்தால் அது வெயில் குடித்தது. கோடையில் நாளுக்குக் கால் அங்குலம் போவது சகஜம். தொட்டி மட்டும் அதிகம் இறங்கினால் கசிவு. அப்படியானால் இறங்க விடுங்கள். எந்த மட்டத்தில் நிற்கிறதோ அந்த வரிசையில்தான் ஓட்டை. பெரும்பாலும் குழாய் சுவருக்குள் நுழையும் இடமாக இருக்கும். தண்ணீர் அசையாமல் இருக்கும்போது அங்கே இரண்டு துளி சொட்டு நீலம் விட்டுப் பாருங்கள். நீலம் இழுபட்டு உள்ளே போனால் ஆளைப் பிடித்துவிட்டீர்கள்.

கேள்வி: தொட்டியில் பாசி போக பிளீச்சிங் பவுடர் போட்டேன், போகவில்லை. மேலேயே ஆசிட் ஊற்றித் தேய்க்கலாமா? (வாசகி, வியாசர்பாடி)

பதில்: கூடவே கூடாதம்மா. பிளீச்சிங் பவுடரும் ஆசிடும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். அது காற்றைவிடக் கனமானது. தொட்டிக்குள் அடியிலேயே தங்கும். குனிந்து தேய்க்கிறவருடைய மூக்கும் அங்கேதான் இருக்கும். பவுடரை இரண்டு, மூன்று தடவை கழுவி வெளியேற்றிவிட்டு, வெறும் தண்ணீரும் தேங்காய் நார் பிரஷ்ஷும் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். இளசான பாசி அதிலேயே போய்விடும். போகாத கறைக்கு ஆசிட்தான் வேண்டுமென்றால் இன்னொரு நாள், பழகின ஆளை வைத்து. அப்போதும் வாளியில் தண்ணீரை எடுத்துக்கொண்டு அதில் ஆசிடை ஊற்ற வேண்டும், ஆசிடில் தண்ணீரை ஊற்றக் கூடாது. மேலே ஒருவர் நின்று பார்த்துக்கொண்டே இருக்கட்டும்.