கத்திரி வெயிலும் மாலை இடியும்: இந்த வாரக் கேள்விகளுக்குப் பதில்கள்

கத்திரி தொடங்கிப் பத்து நாள் ஆகிவிட்டது. இந்த வாரமும் வேலூர், திருத்தணி, ஈரோடு, கரூர் பக்கமெல்லாம் 40 டிகிரியை ஒட்டியே இருக்கும், மாலையில் உள்மாவட்டங்களில் அங்கங்கே இடியுடன் மழைக்கு வாய்ப்பு உண்டு. நான் காஞ்சிபுரம் பக்கம். வானிலைத் துறையில் வேலை பார்ப்பவன் இல்லை, பதினெட்டு வருடமாக மொட்டை மாடியில் மழைமானி வைத்து அளந்துவருகிறேன், மழை மேகம் எங்கே இருக்கிறது என்று காட்டும் ரேடார் படம் பார்க்காமல் படுக்கப் போவதில்லை. ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

ஆம்பூர்: தினமும் "ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் மழை" என்கிறார்கள். எங்கள் ஊரில் பத்து நாளாக ஒரு சொட்டு இல்லை. எதை நம்புவது அண்ணா?

உங்கள் கோபம் நியாயம்தான், ஆனால் அந்தச் சொல்லுக்கு ஒரு கணக்கு இருக்கிறது, அதை யாரும் சொல்லித் தருவதில்லை. ஒரு பகுதியில் இருக்கும் மழை அளவு நிலையங்களில் கால்வாசிக்குள் மட்டும் மழை பதிவாகும் என்று எதிர்பார்த்தால் "ஓரிரு இடங்களில்" என்று போடுவார்கள். கால்வாசிக்கு மேல் பாதி வரை என்றால் "சில இடங்களில்". முக்கால்வாசியையும் தாண்டினால்தான் "பெரும்பாலான இடங்களில்". அதிலும் 2.5 மில்லிமீட்டராவது பெய்தால்தான் மழை பெய்ததாகக் கணக்கு. ஆக "ஓரிரு இடங்களில்" என்று சொல்லும்போதே, நூறு ஊரில் எழுபத்தைந்து ஊருக்கு மேல் மழை இருக்காது என்றும் சேர்த்துத்தான் சொல்கிறார்கள்.

கோடை இடிமேகம் ஐந்து, பத்து கிலோமீட்டர் அகலம்தான் இருக்கும், முக்கால் மணி நேரத்தில் எழுந்து பெய்து கரைந்துவிடும். போன கத்திரியில் என் மழைமானியில் ஒரே மாலையில் 38 மில்லிமீட்டர். மூன்று கிலோமீட்டர் தள்ளி என் தங்கை வீட்டு வாசலில் கோலம்கூட அழியவில்லை. இரண்டும் அதே மாவட்டம், அதே அறிவிப்பு.

தாம்பரம்: போனில் ஆப் 40% மழை என்று காட்டுகிறது. நாற்பது சதவீத நேரம் பெய்யுமா, நாற்பது சதவீத இடத்திலா?

இரண்டும் இல்லை. இன்று போல இருக்கும் பத்து நாளை எடுத்துக்கொண்டால் அதில் நான்கு நாள் உங்கள் இடத்தில் மழை பெய்யும், ஆறு நாள் பெய்யாது என்று வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு நேரம், எவ்வளவு பலமாக என்பதை அந்த எண் சொல்லாது. கோடை மாதத்தில் ஆப் காட்டும் மணி வாரிக் கணக்கை நான் பார்ப்பதே இல்லை. உலகம் முழுவதற்கும் கணக்குப் போடும் மாதிரிகள் பத்து கிலோமீட்டர் அளவுள்ள கட்டங்களாகப் பிரித்துத்தான் பார்க்கின்றன, நம் இடிமேகமே அந்தக் கட்டத்துக்குள் அடங்கிவிடும் அளவுதான். மதியம் மூன்று மணிக்கு மேல் ரேடார் படத்தைப் பாருங்கள், இந்தப் பருவத்தில் அதைவிட நல்ல துணை வேறில்லை.

வேளச்சேரி: ஒரு நாள் 36, மறுநாள் 41. வெயில் அதே மாதிரிதானே அடிக்கிறது சார்?

சென்னைக்காரர்களுக்கு எல்லாமே கடல் காற்று வரும் நேரத்தில்தான் இருக்கிறது. காலையில் நிலம் வேகமாகச் சூடாகும், கடல் அப்படிச் சூடாகாது. அதனால் நண்பகலை ஒட்டிக் கடலிலிருந்து காற்று உள்ளே வர ஆரம்பிக்கும், வந்ததும் வெப்பம் ஏறுவது நின்றுவிடும். பதினொன்றரைக்கே வந்தால் அன்றைக்கு 36, 37. மேற்கிலிருந்து வரும் தரைக்காற்று பலமாக இருந்தால் அது கடல் காற்றை உள்ளே விடாது, இரண்டு மணி, மூன்று மணி வரை தள்ளிப்போகும், அதற்குள் 40ஐத் தாண்டிவிடும். 2003 மே கடைசியில் சென்னை 45 டிகிரி போனதே, அது இந்த மேற்குக் காற்று ஆதிக்கம் செலுத்தும் பருவத்தில் வந்ததுதான்.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். அந்தக் கடல் காற்று சென்னையோடு நிற்பதில்லை. மாலைக்குள் ஸ்ரீபெரும்புதூர், காஞ்சிபுரம் தாண்டி உள்ளே நகரும், ஈரக்காற்றின் முன்விளிம்பு அங்கே இருக்கும் சூடான காற்றின் அடியில் புகுந்து அதை மேலே தூக்கும். மேலடுக்கில் குளிர்ச்சி இருந்தால் அந்த இடத்தில்தான் மேகம் கோபுரமாக எழும். எங்கள் ஊரில் ஐந்து மணிக்குத் திடீரென்று கிழக்கிலிருந்து சில்லென்று காற்று திரும்பினால், உடனே மாடிக்குப் போய் மேற்கே பார்ப்பேன். பாதி நாள் அரக்கோணம், ராணிப்பேட்டை பக்கம் காலிஃபிளவர் மாதிரி மேகம் எழுந்துகொண்டிருக்கும்.

அதே வேளச்சேரி: அப்படி எழும் மேகம் ஏன் எங்களுக்கு வருவதே இல்லை?

மேலடுக்குக் காற்று எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கம்தான் மேகம் போகும். மே மாதத்தில் அந்தக் காற்று பல நாள் வலுவில்லாமல் இருக்கும், மேகம் எழுந்த இடத்திலேயே கொட்டித் தீர்த்துவிடும். ஜூனுக்கு மேல் மேற்குக் காற்று நிலைத்த பிறகு, வேலூர், திருப்பதி பக்கம் மாலையில் எழுந்த இடிமேகம் இரவு ஒன்பது, பத்து மணிக்குச் சென்னைக்கு வந்து சேரும். இன்னும் ஒரு மாதம் பொறுங்கள்.

பென்னாகரம்: எங்கள் தர்மபுரிப் பக்கம் மட்டும் அடிக்கடி மழை பிடிக்கிறதே, காரணம் என்ன?

மலைகள். வெயில் பட்டு மலைச்சரிவு சீக்கிரம் சூடாகும், காற்று சரிவோடு மேலே ஏறும். ஏற்காடு, ஏலகிரி, ஜவ்வாது மலை, கல்வராயன் மலை, அப்புறம் மேற்குத் தொடர்ச்சி மலை முழுவதும் இதே கதைதான். அதோடு கிழக்கிலிருந்து வரும் ஈரக்காற்றும் மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்றும் சந்திக்கும் கோடு பல நாள் உள்மாவட்டங்கள் வழியாகத்தான் போகிறது. ஆலங்கட்டி விழுமா என்று ஓசூரிலிருந்தும் கேட்டிருந்தார்கள், ஏப்ரல், மே மாதங்களில் உங்கள் மேட்டு நிலத்தில் அதற்கும் வாய்ப்பு உண்டு. விழ ஆரம்பித்தால் தலையைக் காப்பாற்றிக்கொண்டு கூரைக்கு அடியில் போங்கள்.

கோபிசெட்டிபாளையம்: ஆறு ஏக்கர் நேந்திரன் வாழை, தார் விட்டிருக்கிறது. மழையை விட அதற்கு முன்னால் வரும் காற்றைத்தான் பயப்படுகிறேன்.

சரியாகப் பயப்படுகிறீர்கள். மேகத்திலிருந்து விழும் மழைத்துளி வழியிலேயே கொஞ்சம் ஆவியாகும், அப்போது சுற்றியிருக்கும் காற்று குளிர்ந்து கனத்துக் கீழே விழும், தரையில் மோதி நாலா பக்கமும் சிதறும். அதுதான் மழைக்கு முன்னால் வரும் அந்த ஐந்து நிமிடச் சூறை. மணிக்கு 40, 50 கிலோமீட்டர் வேகம் சாதாரணமாக வரும், தார் கனத்தில் நிற்கும் வாழைக்கு அதுவே போதும். மழையே பெய்யாத தோப்பிலும் பக்கத்து ஊர் மேகத்தின் காற்று வந்து சாய்த்துவிட்டுப் போனதை நான் பார்த்திருக்கிறேன், ஒரு வருட உழைப்பு தரையில் கிடக்கும், பார்க்கவே தாங்காது.

இந்த வாரம் செய்யக்கூடியது: தார் விட்ட மரத்துக்கெல்லாம் சவுக்குக் கம்பால் முட்டுக் கொடுங்கள், தார் சாய்ந்திருக்கும் பக்கத்தில் கொடுக்க வேண்டும். காய்ந்த சருகைக் கழித்துவிட்டால் காற்று பிடிக்கும் பரப்பு குறையும். அடியில் மண் அணையுங்கள். இடி எதிர்பார்க்கும் மாலைக்கு முன்னால் நிறையத் தண்ணீர் கட்டாதீர்கள், மண் இளகி இருந்தால் வேரோடு வரும். வரப்போரத்து மரங்களை முதலில் முடியுங்கள், காற்று முதலில் படுவது அங்கேதான்.

மதுரை: நேற்று நல்ல மழை. இன்று வெயில் குறைவு, ஆனால் புழுக்கம் தாங்கவில்லை.

வேர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். நேற்றைய மழைத் தண்ணீர் இன்றைய வெயிலில் ஆவியாகிக் காற்றில் ஈரமாக நிற்கிறது, அதில் வேர்வை காயாமல் வழிகிறது. 41 டிகிரி வறண்ட வெயிலை விட 37 டிகிரியும் ஈரமும் சில பேருக்கு மோசம், வயதானவர்களுக்கு முக்கியமாக. இரவில் ஜன்னலை இரண்டு பக்கமும் திறந்து வையுங்கள்.

விழுப்புரம்: அப்பா தினமும் ஆடு மேய்க்கப் போகிறார். இடி வந்தால் புளியமரத்தடியில்தான் நிற்பார். எப்படிச் சொல்லிப் புரியவைப்பது?

தம்பி, மற்றக் கேள்விகளை விட இதுதான் முக்கியம். மரத்தில் மின்னல் விழுந்தால் அங்கிருந்து பக்கத்தில் நிற்கும் ஆள் மேலேயும் தாவும், வேர் வழியாகத் தரையிலும் பரவும். மரத்தடியில் ஒதுங்கிய ஆடு மாடு கூட்டமாகச் செத்துக் கிடப்பது இதனால்தான். அப்பாவிடம் அந்த ஆடுகளைச் சொல்லியே பேசுங்கள், அவருக்குச் சட்டென்று புரியும்.

மின்னல் தெரிந்ததும் எண்ண ஆரம்பித்து, இடி கேட்கும் வரை எத்தனை வினாடி என்று பார்க்கச் சொல்லுங்கள். மூன்று வினாடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பதுக்குள் கேட்டால் மின்னல் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது, உடனே கிளம்ப வேண்டும். மழைக்காகக் காத்திருக்கக் கூடாது, மழை விழாத இடத்திலும் மின்னல் விழும். காங்கிரீட் வீடு, பள்ளிக்கூடக் கட்டடம், கதவு மூடிய கார் எல்லாம் நல்லது. நான்கு பக்கமும் திறந்த தகரக் கொட்டகை, பம்புசெட் மோட்டார் பக்கம், கம்பி வேலி, ஏரித் தண்ணீர் வேண்டாம். ஒன்றுமே கிடைக்காத வெட்டவெளி என்றால் மரத்தை விட்டு விலகி, பள்ளமான இடத்தில் பாதங்களைச் சேர்த்துக் குத்துக்காலிட்டு உட்கார வேண்டும், படுக்கக் கூடாது. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்து வெளியே வரலாம். யார் மேலாவது விழுந்துவிட்டால் தொடப் பயப்பட வேண்டாம், அவர்கள் உடம்பில் மின்சாரம் தங்காது. மூச்சு நின்றிருந்தால் நெஞ்சை அழுத்திக்கொண்டே 108ஐக் கூப்பிடுங்கள். உங்கள் போனில் தாமினி ஆப் போட்டு வையுங்கள், சுற்றுவட்டாரத்தில் மின்னல் விழுவதை அது காட்டும், பார்த்து அப்பாவுக்குப் போன் செய்யலாம்.

திருச்சி: கட்டட வேலை. மதியம் தலை சுற்றுகிறது, தண்ணீர் நிறையத்தான் குடிக்கிறேன்.

தண்ணீர் மட்டும் போதாது, வேர்வையோடு உப்பும் போகிறது. காலையில் நீராகாரத்தில் உப்புப் போட்டுக் குடித்துவிட்டுக் கிளம்புங்கள், நடுவில் மோர். ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து பாட்டிலில் வைத்துக்கொள்ளலாம். மேஸ்திரியிடம் பேசி, வெயில் வேலையைக் காலை ஆறு மணிக்குத் தொடங்கிப் பதினொன்றுக்குள் முடிக்கப் பாருங்கள். கூட வேலை செய்பவர் உளறினாலோ, தடுமாறினாலோ, உடம்பு நெருப்பாகக் கொதித்தாலோ அது சாதாரண மயக்கம் இல்லை. நிழலில் கிடத்தி, சட்டையைத் தளர்த்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108க்குச் சொல்லுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

செய்யாறு: மே 28க்குப் பிறகு வெயில் குறைந்துவிடுமா?

பஞ்சாங்கக் கத்திரி முடியும், வெயில் உடனே முடியாது. கேரளத்தில் பருவமழை சாதாரணமாக ஜூன் 1ஐ ஒட்டித் தொடங்கும். அதன் பிறகு தென்காசி, கோவை, நீலகிரிப் பக்கம் குளிர்ந்துவிடும். நம் வடமாவட்டங்களுக்கு மலை தாண்டி வருவது வறண்ட மேற்குக் காற்று, அதனால் ஜூன் முதல் பாதியிலும் 40 வரலாம்.

திருவண்ணாமலை: ஒரு மழை பெய்தது, 25 மில்லிமீட்டர் இருக்கும். உழலாமா?

தாராளமாக. ஈரம் காய்வதற்குள் சரிவுக்குக் குறுக்கே ஓட்டுங்கள், அடுத்த மழை ஓடிப்போகாமல் நிலத்துக்குள் இறங்கும், மண்ணுக்குள் இருக்கும் கூட்டுப்புழுவும் வெயிலில் காயும். "சித்திரை மாதத்துப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம்" என்று நம் பெரியவர்கள் சொன்னது இந்த உழவைத்தான்.

காட்பாடி: வியாழக்கிழமை அக்கா கல்யாண வரவேற்பு, மாலை ஆறு மணி, மண்டபத்துக்கு வெளியே புல்தரையில் மேடை. மழை வருமா வராதா, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள் அண்ணா.

ஒரே வார்த்தையில் சொன்னால் பொய்யாகிவிடும் அம்மா. இந்த வாரம் உங்கள் பகுதியில் நாலு முதல் எட்டு மணி வரைதான் இடி எழும் நேரம், உங்கள் வரவேற்பு அதன் நடுவில் இருக்கிறது. மேடையை மண்டபத்துக்குள் மாற்ற முடிந்தால் இன்றே மாற்றுங்கள். முடியாவிட்டால் சாப்பாட்டுப் பந்தியையாவது உள்ளே வையுங்கள், ஜெனரேட்டரையும் மைக் செட்டையும் கூரைக்கு அடியில் வைக்கச் சொல்லுங்கள், பந்தல்காரரிடம் கால்களை இரண்டு மடங்கு ஆழமாக நடச் சொல்லுங்கள், ஏனென்றால் மழையை விடக் காற்று முதலில் வரும். வியாழன் மதியம் மூன்று மணிக்கு எனக்கு ஒரு செய்தி அனுப்புங்கள், ரேடாரைப் பார்த்து ஜவ்வாது மலைப் பக்கம் மேகம் எழுகிறதா என்று அப்போது சொல்கிறேன்.