ஸ்கூலுக்குன்னு ஒதுக்கின நிலம்: அரிசோனா ஸ்டேட் ட்ரஸ்ட் லேண்ட் பத்தி கேள்வி பதில்

பீனிக்ஸ்ல நிலத்துக்கு மதிப்பு போடுற வேலைல இருக்கேன், ட்ரஸ்ட் லேண்ட் பத்தி டவுட் இருந்தா கேளுங்கன்னு சொன்னேன், மளமளன்னு வந்துடுச்சு. வந்த வரிசைலயே பதில் சொல்லிட்டு போறேன்.

கேள்வி: அக்கா, நாங்க சாண்ட்லர்ல இருக்கோம். ஊருக்கு வெளில டிரைவ் போறப்ப அங்கங்க ஸ்டேட் ட்ரஸ்ட் லேண்ட், உள்ள வராதேன்னு போர்டு இருக்கு. கவர்மென்ட் நிலம்னா பொது நிலம்தானே, போனா என்ன?

பொது நிலம் இல்ல தம்பி, முக்காவாசி பேர் இங்கதான் குழம்புறாங்க. ஸ்டேட் இதுக்கு வெறும் ட்ரஸ்டிதான், நிலத்தோட பலன் போக வேண்டியது பெரும்பாலும் ஸ்கூல் பசங்களுக்கு, அது போக யூனிவர்சிட்டிகள், காது கேளாதோர் பார்வையற்றோர் ஸ்கூல், சுரங்கத்துல வேலை செஞ்சு முடியாம போனவங்களுக்கான ஆஸ்பத்திரி, ஜெயில் கூட லிஸ்ட்ல இருக்கு. மொத்தம் 92 லட்சம் ஏக்கர் சொச்சம். நடக்கணும், டென்ட் போடணும்னா லேண்ட் டிபார்ட்மென்ட்ல பெர்மிட் எடுத்துக்கோ, ஆன்லைன்லயே கிடைக்குது.

கேள்வி: இப்படி ஒரு ஏற்பாடு எங்கருந்து வந்துச்சு மேடம்?

1785ல. அமெரிக்கா சுதந்திரம் வாங்கின புதுசு, கஜானால காசு இல்ல, மேற்குப் பக்கம் நிலம் மட்டும் இருந்துச்சு. (அது செவ்விந்தியப் பழங்குடிகள்கிட்ட இருந்து பிடுங்கினது, ஸ்கூல் ஃபண்டு கணக்கு பேசுறவங்க இதை சொல்றதே இல்ல.) அளந்து விக்கலாம்னு சட்டம் போட்டாங்க. 6 மைலுக்கு 6 மைல் ஒரு டவுன்ஷிப், அதுக்குள்ள 36 கட்டம், ஒவ்வொண்ணும் 640 ஏக்கர், அதுல 16ஆம் நம்பர் கட்டம் அந்த ஊர் ஸ்கூலுக்கு. பின்னாடி வந்த ஸ்டேட்டுகளுக்கு 16, 36னு ரெண்டா ஆச்சு, அரிசோனா, நியூ மெக்சிகோ, யூட்டாவுக்கு 2, 16, 32, 36னு நாலு கட்டம். தாராள மனசு எல்லாம் ஒண்ணும் இல்ல, இங்க இருக்கறது காஞ்ச பூமி, ஒரு கட்டத்தை வெச்சு என்ன வருமானம் வந்துடும்? அதனாலதான் இன்னிக்கும் மேப்புல பாத்தா பல இடத்துல இந்த நிலம் துண்டு துண்டா செஸ் போர்டு மாதிரி கிடக்குது.

கேள்வி: நெவாடால இந்த மாதிரி ஸ்கூல் நிலமே காணோமே, ஏன்?

வித்துட்டாங்க! 1880ல தங்களுக்கு வந்த 16, 36 கட்டங்கள்ல பெரும்பகுதிய திருப்பிக் கொடுத்துட்டு, பதிலுக்கு நாங்களே பொறுக்கி எடுத்துக்கறோம்னு 20 லட்சம் ஏக்கர் வாங்கி, அதையும் கிட்டத்தட்ட முழுசா வித்துட்டாங்க, இப்ப மிச்சம் 3,000 ஏக்கர் வாக்குல. மிசிசிப்பி கதை இன்னும் மோசம், சிக்கசாங்கற பழங்குடி மக்கள்கிட்ட இருந்து வந்த பகுதியோட ஸ்கூல் நிலத்தை வித்து அந்தக் காசை ரயில்வே கம்பெனிகளுக்கு கடன் குடுத்தாங்க, உள்நாட்டுப் போர்ல தண்டவாளமும் போச்சு, காசும் போச்சு.

இதையெல்லாம் பாத்து சூடு பட்டுதான் 1910ல அரிசோனாவும் நியூ மெக்சிகோவும் ஸ்டேட் ஆகறதுக்கு சட்டம் போட்டப்ப காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், கயிறை இறுக்கிடுச்சு. விக்கறதுன்னா பொது ஏலம், அதுக்கு 10 வாரம் விளம்பரம், மதிப்புக்கு கீழ விக்கக்கூடாது. நியூ மெக்சிகோ அப்பவும் சும்மா இல்ல, எங்க ஸ்டேட்டுக்கு வாங்கன்னு விளம்பரம் பண்ண ட்ரஸ்ட் வருமானத்துல 3 சதவீதம் எடுத்துக்கறோம்னாங்க, 1919ல சுப்ரீம் கோர்ட் தொடக்கூடாதுன்னுடுச்சு. 1967ல அரிசோனாவுக்கும் குட்டு. ஸ்டேட்டோட சொந்த ஹைவே டிபார்ட்மென்டே ட்ரஸ்ட் நிலத்துல ரோடு போட்டா முழு மதிப்பையும் ட்ரஸ்டுக்கு கட்டணும்னு தீர்ப்பு.

கேள்வி: சவுதி கம்பெனி நம்ம தண்ணிய எடுத்து அவங்க ஊர் மாட்டுக்கு புல்லு வளத்தாங்கன்னு செம சண்டை நடந்துச்சே, அது இந்த நிலம்தானா?

இதேதான். லா பாஸ் கவுன்டில பட்லர் வேலினு ஒரு இடம், பீனிக்ஸ்ல இருந்து மேற்கே. ஃபான்டமான்டேனு கம்பெனி, சவுதில அல்மராய்னு பெரிய பால் கம்பெனி இருக்குல்ல அதோட கிளை, சுமார் 3,500 ஏக்கர் லீசுக்கு எடுத்து அல்ஃபால்ஃபானு மாட்டுத் தீவனம் போட்டு கப்பல்ல அனுப்பிட்டு இருந்தாங்க. வாடகை வருஷத்துக்கு ஏக்கருக்கு 25 டாலர். தண்ணிக்கு தனியா ஒரு பைசா கிடையாது, மீட்டரும் கிடையாது, ஏன்னா நிலத்தடி நீர் சட்டம்னு 1980ல போட்டது பீனிக்ஸ், டூசான் மாதிரி குறிப்பிட்ட பகுதிகளைத்தான் கட்டுப்படுத்துது, வெளில கிராமப்பக்கம் பெரும்பாலான இடத்துல எவ்ளோ வேணா உறிஞ்சிக்கலாம்.

எல்லாரும் சவுதி சவுதின்னு கத்தினாங்க, என்னைக் கேட்டா அது ரெண்டாம்பட்சம். உள்ளூர் ஆள் அதே புல்லை அதே 25 டாலருக்கு போட்டிருந்தாலும் நஷ்டம் ஸ்கூலுக்குத்தான். நான் மதிப்பு போடுறப்ப தண்ணி இருக்கற நிலம் வேற, இல்லாத நிலம் வேற, பாலைவனத்துல விலையே தண்ணிக்குத்தான். அதுவும் பட்லர் வேலி தண்ணி சாதாரண தண்ணி இல்ல, தேவைப்பட்டா பீனிக்ஸ் பக்கம் கொண்டு போகலாம்னு சட்டமே விட்டு வெச்சிருக்கற ஒரு சில இடங்கள்ல அதுவும் ஒண்ணு. அதை சும்மா அள்ளிக்கோன்னு விட்டா ட்ரஸ்டி வேலைய பாக்கலன்னுதானே அர்த்தம்? 2023 அக்டோபர்ல கவர்னர் கேட்டி ஹாப்ஸ் ஒரு லீசை ரத்து பண்ணாங்க, மத்த மூணையும் புதுப்பிக்கலன்னுட்டாங்க.

கேள்வி: அப்ப டிஎஸ்எம்சினு தைவான் சிப் கம்பெனி ஃபேக்டரிக்கு நிலம் சும்மா குடுத்தாங்கன்னு ஆபீஸ்ல பேசிக்கிட்டாங்களே?

யாரு சொன்னா? 2020 டிசம்பர்ல முறையா ஏலம் நடந்துச்சு, 1,128 ஏக்கர் 8 கோடியே 90 லட்சம் டாலர், அதாவது ஏக்கர் 79,000 பக்கம். ஏலம் கேட்டது அவங்க ஒருத்தர் மட்டும்தான், அதனால இது ஏலமான்னு சிலர் முணுமுணுத்தாங்க. ஆனா மதிப்பு போட்ட விலைக்கு கீழ போக முடியாதுல்ல, அந்த ரூல்தான் ட்ரஸ்டைக் காப்பாத்துது.

கேள்வி: அழகான இடத்தை எல்லாம் வித்துடாம பார்க் ஆக்கலாமே?

தாராளமா ஆக்கலாம், காசு குடுத்தா. வயோமிங்ல கிராண்ட் டீட்டன் பார்க்குக்குள்ள கெல்லி பார்சல்னு சரியா 640 ஏக்கர், ஒரு ஸ்கூல் கட்டம், மாடு மேய்க்க விட்டு வருஷத்துக்கு சில ஆயிரம் டாலர்தான் வந்துட்டு இருந்துச்சு. ஏலத்துல விட்டா பணக்காரங்க பங்களா கட்டிடுவாங்கன்னு பயம். கடைசில 2024 டிசம்பர்ல நேஷனல் பார்க் சர்வீஸே 10 கோடி டாலருக்கு வாங்கிக்கிச்சு, அதுல ஒரு பங்கு ஜனங்க குடுத்த நன்கொடை. எனக்கு ரொம்ப பிடிச்ச டீல் இது.

கேள்வி: இவ்ளோ காசு வருதுன்னா என் பையன் ஸ்கூல்ல ஏன் டீச்சர் பென்சிலுக்கு எல்லாம் லிஸ்ட் அனுப்புறாங்க?

நல்லா கேட்டீங்க போங்க. நிலம் வித்த காசும் கனிம ராயல்டியும் பெர்மனன்ட் ஃபண்டுக்குள்ள போயிடும், அந்த மூலதனத்தை தொடவே முடியாது, ட்ரெஷரர் அதை முதலீடு பண்ணி வருஷா வருஷம் குறிப்பிட்ட சதவீதத்தை வெளிய விடுவார். குத்தகை வாடகைதான் நேரா செலவுக்கு வரும். அந்த சதவீதம் 2.5ஆ இருந்துச்சு, 2016ல ப்ராப் 123னு ஓட்டெடுப்பு வெச்சு 10 வருஷத்துக்கு 6.9 ஆக்கினாங்க, மயிரிழைல ஜெயிச்சுது. காங்கிரஸ் சம்மதம் வாங்காம செஞ்சது தப்புன்னு 2018ல ஒரு ஃபெடரல் ஜட்ஜ் சொன்னார். 2025 ஜூனோட அந்த 6.9 காலாவதி ஆயிடுச்சு. மொத்த ஸ்கூல் செலவுல இது ஒரு சின்ன பங்குதான், அதனால கிளாஸ்ரூம்ல கண்ணுக்கே தெரியறதில்ல.

யூட்டால 1999ல இருந்து வேற மாதிரி, காசு நேரா ஒவ்வொரு ஸ்கூலுக்கும் போகுது, பேரன்ட்ஸ் மெஜாரிட்டியா இருக்கற கவுன்சில் உக்காந்து ரீடிங் டீச்சர் எய்டு வேணுமா, லேப்டாப் வேணுமான்னு முடிவு பண்ணுது. நம்ம ஊர்லயும் அப்படி இருந்தா 25 டாலர் லீசுக்கு எல்லாம் பேரன்ட்ஸ் அன்னிக்கே சண்டைக்கு வந்திருப்பாங்க.

கேள்வி: வீடு கட்ட ரெண்டு ஏக்கர் வாங்க முடியுமா அக்கா?

அப்ளிகேஷன் போடலாம், ஆனா அலைஞ்சு திரிஞ்சு நீங்க ஏலத்துக்கு கொண்டு வந்த நிலத்தை அன்னிக்கு வேற எவனாச்சும் வந்து அதிக விலைக்கு தூக்கிட்டு போயிடலாம், அப்ளை பண்ணவருக்குன்னு முன்னுரிமை எதுவும் இல்ல. பெரும்பாலும் பெரிய பிளாக்கா பில்டர்களுக்குத்தான் போகுது. சின்ன வீட்டுக்குன்னா தனியார் நிலம் பாருங்க, தலைவலி கம்மி.